கொதிக்க வைத்தால் கரையாத உப்பு



பேச்சைத் தொடங்குமுன் அடுப்பைப் போட்டுவிடுகிறேன். (மேசை மேலிருந்த மின் சூடேற்றி இயக்கப்பட்டது.) இந்தக் குடுவையில் அரை லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். நேற்று மாலை உங்கள் ஆய்வகத்திலேயே அதில் லித்தியம் கார்பனேட்டைப் போட்டுக் கலக்கினோம். கரைந்தது போக அடியில் நின்றதை வடிகட்டி எடுத்துவிட்டோம். இப்போது குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது. ஆசைப்பட்டுக் குடித்துவிட வேண்டாம். மேலே தட்டு போட்டு மூடியிருக்கிறேன், நீர் ஆவியாகாமல் இருக்க. இது சூடாகிக்கொண்டே இருக்கட்டும். நான் சொல்ல வந்ததில் பாதியை இந்தக் குடுவையே சொல்லிவிடும். மீதியைச் சொல்லத்தான் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

‘மின்கலங்களுக்கான லித்தியச் சேர்மங்களைக் குறைந்த செலவில் ஆக்குதல்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். முதலில் லித்தியத்தின் விலையைப் பேசிவிடுவோம். நம் ஊர்ச் சாலையில் ஓடுகிற சாதாரண மின்ஸ்கூட்டரின் பேட்டரி 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் லித்தியம் சுமார் 300 கிராம். கார்பனேட்டாகக் கணக்கிட்டால் கழிவுகளோடு சேர்த்து 1.8 கிலோ வரும். ஒரு மளிகைக்கடைப் பொட்டலம், அவ்வளவுதான். 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியது. அந்த விலையில் இந்தப் பொட்டலத்துக்கு 12,000 ரூபாய்க்கு மேல். 2025 நடுவில் டன் 60,000 யுவானுக்கு இறங்கியது. அதே பொட்டலம் 1,200 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் பத்தில் ஒரு பங்கு!

இந்த இறக்கத்துக்கு வேதியியலாளர்களாகிய நாம் மாலை போட்டுக்கொள்ள முடியாது. சுரங்கங்களும் ஆலைகளும் ஒரே நேரத்தில் பெருகின, சந்தை சரிந்தது. விலை என்பது வியாபாரிகளின் கணக்கு. செலவு என்பது நம்முடைய கணக்கு. விலை செலவுக்குக் கீழே போகும்போது எந்த ஆலை மூடும், எது தாக்குப்பிடிக்கும் என்பதை அந்த இரண்டாவது கணக்குத்தான் தீர்மானிக்கிறது. நான் பேசப் போவது அதைப் பற்றி.

லித்தியம் ஒன்றும் அபூர்வமான தனிமம் இல்லை. 1817-இல் ஸ்வீடனில் வேதியியலாளர் பெர்சீலியஸின் ஆய்வகத்தில் வேலை செய்த ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர், ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் என்ற கல்லைப் பகுத்துப் பார்த்தார். கூட்டிப் பார்த்தால் எடை நூற்றுக்கு நூறு வரவில்லை. குறைந்த அந்தச் சில விழுக்காட்டில் ஒளிந்திருந்தது புதிய தனிமம். கல்லில் கிடைத்ததால் கிரேக்க மொழியில் கல் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை லித்தியத்தின் குணம் மாறவில்லை: எங்கே இருந்தாலும் கூட்டத்தோடு இருக்கும், கூட்டத்தில் சிறுபான்மையாக இருக்கும். ஆகவே நாம் லித்தியத்துக்குக் கொடுக்கும் காசு, பெரும்பாலும் அதன் கூட்டாளிகளை வெளியேற்றுவதற்கான கூலி.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கல்லூரி இல்லை. என் தந்தையார் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பள்ளி விடுமுறையில் அவரோடு போவேன். பாத்தியில் நிற்கிற தண்ணீருக்குள் அடியில் ஈயக் குண்டு வைத்த ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அடர்த்தியின் ‘டிகிரி’ பார்ப்பார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட ஏறும். வழியிலேயே ஜிப்சம் அடியில் தங்கிவிடும். 25 டிகிரியில் உப்பு பூக்கும். 29, 30 வந்துவிட்டால் மிச்சத் தண்ணீரை மடை திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். விடாமல் வைத்திருந்தால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் கசியும். காரணம் மக்னீசியம். “எந்தத் தண்ணியை வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்டா, எப்ப வெளியே விடணும்னு தெரிஞ்சவன்தான் உப்பளக்காரன்” என்பார் அப்பா. பின்னாளில் பிரித்தெடுத்தல் பற்றி நான் படித்த தடித்தடியான புத்தகங்கள் எல்லாம் இதற்கு எழுதிய உரைதான்.

இப்போது சிலி நாட்டுக்குப் போவோம். அட்டகாமா உப்புப் படுகை, கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரம். உலகத்தின் மிக வறண்ட பாலைவனம். உப்புப் பாறைக்குக் கீழே உவர்நீர் தேங்கியிருக்கிறது. லித்தியம் 0.15 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிராம். உலகத்தில் இதைவிடச் செறிவான உவர்நீர் வேறெங்கும் பெரிய அளவில் இல்லை. அதை இறைத்து, நம் பாத்திகள் போலவே, ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்த குளங்களில் விடுகிறார்கள். முதல் குளத்தில் சாதாரண உப்பு விழும். அடுத்ததில் பொட்டாசியம் குளோரைடு, பிறகு பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்னலைட், அப்புறம் மக்னீசியம் குளோரைடு. நீலமாகத் தொடங்கிய தண்ணீர் பச்சையாகி, கடைசிக் குளத்தில் எண்ணெய் போல வழவழப்பான மஞ்சளாகிறது. இதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகிறது. அந்த மஞ்சள் தண்ணீரில் லித்தியம் 6 விழுக்காடு. நாற்பது மடங்கு செறிவாக்கியாயிற்று, வெயிலுக்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை.

அதிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. வழியில் விழுந்த பொட்டாசியத்தை உரமாக விற்கலாம். 1990-களின் பிற்பகுதியில் சிலியின் எஸ்.கியூ.எம். நிறுவனம் பொட்டாஷ் உரம் எடுத்துவிட்டு மிஞ்சிய நீரிலிருந்து லித்தியம் எடுத்துச் சந்தைக்கு வந்தபோது, உலக விலை ஏறக்குறைய பாதியானது. கல்லை உடைத்து லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் வட கரோலைனா சுரங்கத்தொழில் அந்தக் காலத்திலேயே முடிவுக்கு வந்தது. குறைந்த செலவுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது: எரிபொருளாக வெயில், துணைக்கு உர வருமானம்.

வெயில் இலவசம்தான். தண்ணீர் இலவசம் இல்லை. ஒரு டன் லித்தியம் கார்பனேட்டில் 188 கிலோ லித்தியம். லிட்டருக்கு 1.8 கிராம் என்றால், ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் உவர்நீர் வேண்டும். குளங்களில் விழுகிற உப்பு தன்னோடு லித்தியத்தையும் ஒட்டிக்கொண்டுதான் விழுகிறது. ஏறக்குறைய பாதி இப்படிப் போய்விடும். ஆகவே இரண்டு லட்சம் லிட்டர். அதில் இருந்த நீர் முழுவதும் ஆகாயத்துக்கு. பாலைவனத்து மக்கள் கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பக்கத்து நாடான பொலிவியாவில் இதைவிடப் பெரிய படுகை இருக்கிறது, உயுனி. 3,650 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் வெள்ளை வெளி. சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். லித்தியத்தின் மொத்த அளவில் உலகத்திலேயே முன்னணி. ஆனால் விற்பனையில் அந்த நாட்டின் பெயர் பெரிதாக இல்லை. ஏன்? ஒன்று, அங்கே மழை உண்டு. இரண்டாவது காரணம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூலைவிட்டத் தொடர்பு என்று பதினொன்றாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தீர்களே, லித்தியமும் மக்னீசியமும் அட்டவணையில் மூலைவிட்டமாக இருப்பதால் ஒன்றுபோல் நடக்கும் என்று, அதுதான். லித்தியம் அயனியின் ஆரம் 76 பிக்கோமீட்டர், மக்னீசியம் அயனிக்கு 72. சல்லடைக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே ஆள். அட்டகாமாவில் ஒரு பங்கு லித்தியத்துக்கு ஆறு பங்கு மக்னீசியம். உயுனியில் இருபது பங்கு. சுண்ணாம்பு போட்டு அதை வீழ்த்தலாம். மலை மலையாகச் சுண்ணாம்பு வேண்டும், மலை மலையாகச் சேறு மிஞ்சும், அந்தச் சேறும் லித்தியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு மதிப்பெண் கேள்வி ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே நிறுத்தி வைத்திருக்கிறது.

தூத்துக்குடியில் மடை திறந்து விடுகிறோமே, அந்தக் கசப்புத் தண்ணீரில் லித்தியம் இல்லையா என்று எந்த ஊரில் பேசினாலும் ஒரு மாணவர் எழுந்து கேட்பார். இங்கே யாரும் எழுமுன் நானே சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் லிட்டருக்கு 0.17 மில்லிகிராம். உப்பு எடுத்து, நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 7 மில்லிகிராம்தான் ஆகும். அட்டகாமாவில் 1,800. அதோடு கடல்நீரில் ஒரு பங்கு லித்தியத்துக்கு 7,000 பங்குக்கு மேல் மக்னீசியம். செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். கட்டுப்படியாகாது என்று சொல்வேன்.

சரி, அட்டகாமாவின் மஞ்சள் தண்ணீர் லாரியில் ஏறிக் கடற்கரைப் பக்கமுள்ள அந்தோஃபகஸ்தாவுக்கு வருகிறது. அங்கே போரானையும் மிச்ச மக்னீசியத்தையும் நீக்குகிறார்கள். பிறகு சோடா சாம்பல் கரைசலைச் சேர்க்கிறார்கள். லித்தியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் இடம் மாறிக்கொண்டு, லித்தியம் கார்பனேட் வீழ்படிவாகிறது. இதை ஏன் 90 டிகிரி செல்சியஸில் செய்கிறார்கள்? இப்போது குடுவையைப் பார்க்கலாம்.

(குடுவை உயர்த்திக் காட்டப்பட்டது.) பின்வரிசைக்குத் தெரிகிறதா? அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. நான் எதையும் சேர்க்கவில்லை. சூடு மட்டும்தான். வீட்டில் சர்க்கரையோ உப்போ கரையவில்லை என்றால் தண்ணீரைச் சுடவைப்போம். இந்த உப்பு தலைகீழ். 20 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீரில் 1.33 கிராம் கரையும். கொதிநிலையில் 0.72 கிராம்தான். சூடேறினால் வெளியே வந்துவிடுகிறது. லித்தியத் தொழிலின் முதுகெலும்பே இந்த முறைகேடுதான். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கரைசலிலேயே நிறுத்திவிட்டு, லித்தியத்தை மட்டும் திடப்பொருளாக எடுக்க இயற்கை கொடுத்த சலுகை.

இந்தச் சலுகையை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை பார்த்தேன். பழைய பேட்டரிகளை அரைத்து, ‘பிளாக் மாஸ்’ என்று தொழிலில் சொல்கிறார்களே, அந்தக் கரும்பொடியிலிருந்து லித்தியம் எடுக்கும் சிறிய ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். சோடியம் அதிகமாக இருக்கிறது என்று வாங்குபவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். வடிகட்டியில் 100 கிலோ வெள்ளை மாவு. ஒரு தம்பி ரப்பர் குழாயைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரால் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணீர். ஒரு கழுவலுக்கு ஆயிரம் லிட்டர், இரண்டு கழுவல். ஆயிரம் லிட்டர் பச்சைத் தண்ணீர் 13 கிலோவைக் கரைத்துக்கொண்டு போகும். இரண்டு கழுவலில் 26 கிலோ. கால் பங்குச் சரக்கு தினமும் சாக்கடையில் போயிருக்கிறது, அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள்! வெந்நீரில் கழுவச் சொன்னேன். கழுவிய நீரையும் கீழே விடாமல், அடுத்த முறை சோடா கரைக்க அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இதில் ஒரு மூளையும் இல்லை, கரைதிறன் அட்டவணை மட்டும்தான். அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் அந்த அட்டவணையைக் காட்டியதில்லை.

சோடியம் பிரச்சினை வெந்நீரால் மட்டும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிகம் வேகமாக விழுந்தால் சோடியத்தை வயிற்றுக்குள் வைத்து மூடிக்கொள்ளும். வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது. அப்போது கார்பனேட்டைத் தண்ணீரில் கலக்கி, சோடா பாட்டிலில் செய்வது போலக் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். அது பைகார்பனேட்டாகிப் பல மடங்கு கூடுதலாகக் கரையும். வடிகட்டிவிட்டுச் சூடாக்கினால் வாயு வெளியேறி, கார்பனேட் மறுபடி சுத்தமாக விழும். பேட்டரிக்கு வேண்டிய தரம் 99.5 விழுக்காடு. கண்ணாடித் தொழிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் 99 போதும். அந்த அரை விழுக்காட்டுக்காக மறுபடி கரைத்து, மறுபடி படியவைத்து, மறுபடி உலர்த்துகிறோம். செலவு கூடுகிற இடம் அது.

அடுத்து, கல்லிலிருந்து எடுக்கும் வழி. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரீன்புஷஸ் என்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளீயத்துக்காகத் தோண்டத் தொடங்கிய இடம்; இன்று ஸ்போடுமீன் என்ற லித்தியத் தாதுவுக்குப் பேர்போனது. தாதுவைச் செறிவாக்கினால் லித்தியம் ஆக்சைடு 6 விழுக்காடு. பெரும்பகுதி சீனாவுக்குக் கப்பலேறுகிறது. இந்தக் கல் அமிலத்துக்கு மசியாது. 1,050 டிகிரிக்கு மேல் சூளையில் சுழற்றிச் சுட்டால் அதன் படிக அமைப்பு மாறுகிறது. அடர்த்தி 3.15-இலிருந்து 2.4-க்கு இறங்குகிறது, நெல் பொரிவது போலக் கல் பொரிந்து, முப்பது விழுக்காடு உப்பிப் பொலபொலவென்று உதிர்கிறது. அப்புறம் கந்தக அமிலத்தோடு பிசைந்து 250 டிகிரியில் வறுத்தால் லித்தியம் சல்ஃபேட்டாகித் தண்ணீரில் இறங்கிவிடும். சோடா சாம்பல் சேர்த்தால் கார்பனேட்.

இதன் சமையல் குறிப்பைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டன் லித்தியம் கார்பனேட்டுக்குச் செறிவாக்கிய தாது சுமார் 8 டன். அமிலம் சமன்பாட்டின்படியே 1.3 டன். சோடா சாம்பல் 1.4 டன். இரண்டும் நடைமுறையில் இன்னும் கூடுதலாக வேண்டும். வெளியே வருவது ஒரு டன் சரக்கு, ஏழு டன்னுக்கு மேல் கல்மாவு, 1.9 டன் சோடியம் சல்ஃபேட். சரக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கழிவு உப்பு! சோப்புத்தூளில் சேர்ப்பார்கள்தான். ஆனால் உலகமே மின்வண்டிக்கு மாறும்போது அத்தனை சோடியம் சல்ஃபேட்டைக் கலக்குவதற்கு உலகத்தில் அழுக்குத் துணி போதாது. ஆற்றில் விடச் சட்டம் விடாது. கொதிக்க வைத்துப் படிகமாக்கி, மூட்டை கட்டி, ஏறக்குறைய சும்மா கொடுக்கிறார்கள்.

அந்த சோடியம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கார்பனேட்டுக்குப் பதிலாக லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டுமென்றால் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள், ஏறக்குறைய சரக்கின் எடைக்கு எடை. காஸ்டிக் சோடாவை எப்படி ஆக்குகிறோம்? மேட்டூரிலும் சாகுபுரத்திலும் செய்தது போல உப்புநீரை மின்னாற்பகுத்து. ஆக, ஓர் ஆலையில் மின்சாரத்தைக் கொட்டி சோடியத்தைக் குளோரினிடமிருந்து பிரிக்கிறோம். அதை லாரியில் ஏற்றி இன்னோர் ஆலைக்குக் கொண்டுபோய்க் கந்தக அமிலத்தின் தலையில் கட்டி, இரண்டையும் சேர்த்துக் குப்பையாக்குகிறோம். சோடியம் இங்கே சுமைகூலி ஆள். ஹைட்ராக்சைடைத் தூக்கி வந்து லித்தியத்திடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அந்த ஆளை நிறுத்திவிட்டு, லித்தியம் உப்பையே நேராக மின்னாற்பகுத்தால் என்ன?

என் பார்வையில் செலவைக் குறைக்கும் உண்மையான வழி இதுதான். சவ்வு வைத்த கலத்தில் லித்தியம் சல்ஃபேட் கரைசலை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் லித்தியம் ஹைட்ராக்சைடு, மறுபக்கம் கந்தக அமிலம். அமிலம் திரும்பச் சூளைக்கே போகலாம். கழிவு உப்பு என்ற பேச்சே இல்லை. கணக்கு: ஒரு கிலோ ஹைட்ராக்சைடு, அதன் படிக நீரோடு சேர்த்து, சுமார் 640 ஆம்பியர்-மணி கேட்கும். 3 வோல்ட்டில் ஓடினால் 1.9 யூனிட். சல்ஃபேட்டுக்கு வோல்ட் கூடும், இழப்பு உண்டு. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 4 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். வெயிலும் காற்றும் தருகிற மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இந்தக் கணக்கு ஆண்டுக்காண்டு நமக்குச் சாதகமாகிறது. காஸ்டிக் சோடா விலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பிறகு ஏன் எல்லோரும் செய்யவில்லை? சவ்வுக்கு மக்னீசியமும் கால்சியமும் ஆகாது. நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு அவற்றைத் துடைக்காவிட்டால் துளை அடைத்து, விலையுயர்ந்த சவ்வு பாழ். கிடைக்கிற அமிலமும் நீர்த்தது. சூளைக்குச் செறிவான அமிலம் வேண்டும், சுண்டவைக்கச் செலவு. கனடாவில் இதற்காக எடுத்த முயற்சிகள் நாம் நினைப்பதைவிட மெதுவாக நகர்கின்றன. நான் நம்பிக்கையை விடவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் காஸ்டிக் சோடா தொழிலில் பாதரசக் கலத்தை விட்டுச் சவ்வுக்கு மாறியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

ஃபின்லாந்தில் கெலிபர் திட்டம் வேறு தந்திரம் செய்கிறது. கல்லைப் பொரித்தபின் கந்தக அமிலத்தைத் தொடுவதே இல்லை. சோடா சாம்பலோடு அழுத்தக் கலனில், பிரஷர் குக்கரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 டிகிரிக்கு மேல் வேகவைக்கிறார்கள். கல்லுக்குள் லித்தியம் இருந்த இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. லித்தியம் கார்பனேட்டாக வெளியே வருகிறது. அதில் சுண்ணாம்பு சேர்த்து ஹைட்ராக்சைடு ஆக்குகிறார்கள். சோடியம் கல்லோடு கல்லாகக் கட்டுண்டு போவதால் சல்ஃபேட் கழிவு கிடையாது. எளிமையாகவும் அழகாகவும் இருக்கிறது. சூளைச் செலவு மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி, எல்லாப் பத்திரிகையும் எழுதுகிற நேரடிப் பிரித்தெடுப்பு. உவர்நீரைக் குளத்தில் காயவிடாமல், லித்தியத்தை மட்டும் பிடிக்கும் பொடி நிரப்பிய தூண்களில் பாய்ச்சி, மிச்சத்தைத் திரும்பப் பூமிக்குள் விடுவது. ஒன்றரை ஆண்டு வேலை சில மணி நேரத்தில் முடியும், பாதி லித்தியம் வீணாவதும் குறையும். இதைப் புதுமை என்று எழுதுபவர்கள் கொஞ்சம் பழைய கோப்புகளைப் புரட்டலாம். அலுமினியம் ஹைட்ராக்சைடு அடுக்குகளுக்கு இடையில் லித்தியம் குளோரைடு போய்ச் செருகிக்கொள்ளும் என்பதை அமெரிக்காவின் டவ் நிறுவன வேதியியலாளர்கள் 1970-களிலேயே பயன்படுத்திப் பார்த்தார்கள். அர்ஜெண்டினாவின் ஓம்ப்ரே முவெர்த்தோ படுகையில் 1990-களின் இறுதியிலிருந்து அந்த வகைப் பொடிதான் வேலை செய்கிறது. சீனாவின் சிங்ஹாய் உப்பு ஏரிகளில் லித்தியத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு மக்னீசியம் இருக்கிறது. உயுனியின் இருபதுக்கே நாம் தலையில் கை வைத்தோம். சிங்ஹாயில் பொட்டாஷ் எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் இதே முறையை ஓட்டுகிறார்கள். 2024 ஜூலையில் அர்ஜெண்டினாவின் சென்டெனாரியோவில் பிரெஞ்சு நிறுவனமான எராமே, ஆண்டுக்கு 24,000 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது.

ஆனால் பிடித்த லித்தியத்தைப் பொடியிலிருந்து விடுவிக்க வேண்டுமே. அலுமினியப் பொடிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் நல்ல தண்ணீர்! ஓம்ப்ரே முவெர்த்தோவை ஒட்டிய லோஸ் பத்தோஸ் ஆற்றுப்பகுதியில் புதிய அனுமதிகள் தரக்கூடாது என்று 2024 மார்ச்சில் கட்டமார்கா மாகாண உச்ச நீதிமன்றம் தடுத்தது. மாங்கனீசு, டைட்டானியம் ஆக்சைடுப் பொடிகள் லித்தியத்தை இன்னும் கறாராகத் தேர்ந்தெடுக்கும். அவற்றுக்கு அமிலம் வேண்டும். ஒரு லித்தியத்துக்கு ஒரு ஹைட்ரஜன். இதில் பேரம் கிடையாது. ஒரு டன் கார்பனேட்டுக்குக் கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 டன். அமிலத்தை வாங்கிக்கொண்டே இருந்தால், குளத்தில் மிச்சம் பிடித்த காசு மருந்துக்கடைக்குப் போகும். மின்சாரத்தால் அமிலத்தை அங்கேயே திரும்பச் செய்துகொண்டால் பிழைக்கும். மறுபடி அந்தச் சவ்வுக் கலத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறோம்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு: கேட்கிறவரின் தேவையைக் குறைப்பது. நிக்கல் அதிகமுள்ள பேட்டரிக்கு ஹைட்ராக்சைடுதான் ஏற்றது. அது 462 டிகிரியிலேயே உருகும். கார்பனேட் உருக 723 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் நிக்கல் பொருள் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடுகிறது. இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கோ மலிவான கார்பனேட்டே போதும், கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம். அந்த இரும்பு பாஸ்பேட்டை 1997-இல் உலகுக்கு அறிவித்தது டெக்சாஸில் குட்இனஃப் ஆய்வுக்குழு. அதற்குப் பத்தாண்டு முன்பே அவரோடு சேர்ந்து இரும்பு சல்ஃபேட் போன்ற சேர்மங்களில் லித்தியத்தை நுழைத்துப் பார்த்து, இந்தப் பாதைக்கு அடி போட்டவர் நம் அமராபுரத்துக்காரரான ஆறுமுகம் மந்திரம். மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019 டிசம்பரில் 97 வயது குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் அவர்தான். தமிழ் வழிப் பள்ளிக்கூடத்து மாணவர்கள் யாராவது பின்வரிசையில் இருந்தால் இந்தப் பெயரை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று அறிவிப்பு வந்தபோது தொலைக்காட்சிகள் வெள்ளைத் தங்கம் என்று கூத்தாடின. அது தாதுவின் எடை, லித்தியத்தின் எடை அல்ல, முதற்கட்ட மதிப்பீடு, அதுவும் களிமண்ணோடு கலந்தது. பிறகு ஏலம் விட்டார்கள். போதிய ஆட்கள் வராமல் ரத்தானது. 2024 ஜனவரியில் அர்ஜெண்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து பகுதிகளைத் தேடிப் பார்க்க நம் அரசு நிறுவனமான காபில் ஒப்பந்தம் போட்டது. நல்லது. ஆனால் தாது எங்கே வெட்டப்பட்டாலும், உலக லித்தியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீன ஆலைகளில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. சீனா முந்தியது மண்ணுக்குள் இருந்த அதிர்ஷ்டத்தால் என்பதைவிட, வடிகட்டி, உலர்த்தி, கழிவைக் கையாளப் பழகிய கைகளால் என்பது என் எண்ணம். அந்தக் கைகள் நமக்கும் உண்டு. தூத்துக்குடியில் சோடா சாம்பல் ஆலை கண்டோம். காஸ்டிக் சோடாவில் பல தலைமுறை அனுபவம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இலிருந்து இயங்குகிறது. உப்பளமோ சொல்லவே வேண்டாம். கல்லுக்குக் காத்திராமல், கழித்துப்போட்ட பேட்டரிகளின் கரும்பொடியிலும் இறக்குமதித் தாதுவிலும் ஆலை வைத்துப் பழகலாம். மானியத்தைப் பேட்டரிப் பெட்டி மாட்டுகிற கடைசிக் கட்டத்துக்கே கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு சவ்வுக்கும் சுத்திகரிப்புக்கும் போக வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் குடுவையைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடாதீர்கள். முதலாமாண்டு மாணவர்கள் இரண்டு பேர் இப்போதே மேடைக்கு வாருங்கள். சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறினால் மறுபடி கரையத் தொடங்கிவிடும். வெந்நீரில் ஒருமுறை கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள். அட்டவணைப்படி 3 கிராம் கிடைக்க வேண்டும். எவ்வளவு கிடைத்தது, குறைந்தால் எங்கே போனது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். என் முகவரி வேதியியல் துறை அலுவலகத்தில் இருக்கிறது.